பர்கத்துல்லா போட்ட கண்

பர்மாவில், இன்சீன் ரயில்வே பட்டறைக் கூலி லைனில் போட்டோ பிடித்துக்கொண்டவர்கள் எல்லாரும் செத்தவர்கள். செத்த பிறகுதான் பிடித்துக்கொண்டார்கள். உயிரோடு இருக்கிறவனுக்கு மூஞ்சி எதற்கு, கையும் முதுகும் இருந்தால் போதாதா என்பது மேஸ்திரிகளின் கணக்கு. லைனிலும் யாரும் அதை எதிர்த்துப் பேசியதில்லை.

ஆள் செத்துவிட்டால்தான் தொல்லை. ஊருக்கு அத்தாட்சி வேண்டும். பிணத்தைக் கப்பலேற்ற முடியாது. கடிதம் போட்டால் நம்ப மாட்டார்கள். "பர்மாக்காரியைச் சேத்துக்கிட்டு, செத்துட்டேன்னு எழுதச் சொல்லியிருக்கான்" என்பார்கள். அப்படி எழுதச் சொன்னவர்களும் உண்டு. அதனால் டவுனில் பபேடான் பேட்டையிலிருந்து பர்கத்துல்லாவை அழைத்து வருவார்கள். அவர் காமிராப் பெட்டியோடும், கைப்பிடியில் சிங்கத் தலை செதுக்கிய தன் நாற்காலியோடும் வந்து இறங்குவார். குளிப்பாட்டிய பிணத்தை அதில் உட்காரவைத்து, அக்குளுக்குக் கீழே துணி கொடுத்து முதுகுச் சட்டத்தோடு கட்டி, மாலை போட்டு, தாடைக்கட்டைக் கடைசி நேரத்தில் உருவிவிட்டுப் படம் பிடிப்பார். மூடிய கண்ணைப் பார்த்தால் ஊரில் பெண்டுகள் தாங்க மாட்டார்கள் என்று, கடைக்குப் போய்ப் படத்தின் மேல் மெல்லிய தூரிகையால் திறந்த கண் போடுவார். காலராவில் போனவன், காய்ச்சலில் போனவன், சாராயத்தில் போனவன் எல்லாருக்கும் ஒரே கண். அகலமான கண். பரணில் வைத்த வெல்லப்பானையைத் தேடுகிற மாதிரி சற்று மேலே பார்க்கும்.

ஊருக்கு ஒரு படம் போகும், லைன் வீட்டில் ஒரு படம் இருக்கும். லைன்காரி ஜெயம்மாவிடம் அப்படி இரண்டு படம் இருந்தது, இரண்டும் அவள் பிள்ளைகள். ஒன்று மூத்தவன், ஒன்று நடுவுள்ளவன். மிச்சம் ரெங்கசாமி.

அந்த மிச்சம் 1927-ல் ஹைஸ்கூல் கடைசி வகுப்புக்கு வந்து சேர்ந்துவிட்டது.

ரெங்கசாமி ரயிலேறிப் போய்ப் படித்த டவுன் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கடைசி வகுப்புப் பையன்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போட்டோ பிடித்துக் கொடுக்க வேண்டும். அவற்றை முட்டை வடிவில் வெட்டி, ஒரே சட்டத்துக்குள் ஒட்டி, மண்டபத்தில் மாட்டுவார்கள். கோட்டு, காலர், டை கட்டாயம். நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும், பக்கத்தில் யாரும் கூடாது, பல் தெரியக்கூடாது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் படம் கொடுக்காதவன் சட்டத்தில் இருக்க மாட்டான் என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார்.

மண்டபத்தில் பழைய சட்டங்கள் வரிசையாகத் தொங்கின. ஸ்டேஷன் மாஸ்டர் மகன், வக்கீல் மகன், அரிசி ஆலைக்காரர் மகன். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவர்கள் எல்லாரும் மேலேயிருந்து ரெங்கசாமியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூலி லைனிலிருந்து ஒருவனும் அந்தச் சுவரில் ஏறியதில்லை. அவனுக்கு அதில் ஏற வேண்டும். பரீட்சையில் பாஸானால் காகிதம் கொடுப்பார்கள், அது பெட்டிக்குள் போய்விடும். சுவரில் ஏறிய மூஞ்சியை எவனும் இறக்க முடியாது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னான். ஜெயம்மா ஙாப்பிக்கு உப்புமீன் இடித்துக்கொண்டிருந்தாள்.

"போட்டோவா? யாருக்கு?"

"எனக்குத்தாம்மா."

"ஒனக்கு என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரல. பள்ளிக்கூடத்துல கேக்குறாங்க."

"படிக்கத்தான் அனுப்புனேன். பொணமாக் குடுக்கவா அனுப்புனேன்?"

அய்யாசாமி திரும்பிப் பார்த்தார். ரெங்கசாமியின் அப்பா. கொல்லுப் பட்டறையில் சம்மட்டி அடிக்கிறவர். அடித்து அடித்துப் பாதிக் காது போய்விட்டதால், ரகசியத்தைக்கூட அடுத்த லைன் வரைக்கும் கேட்கச் சொல்கிறவர்.

"என்னடி சொல்றான்?"

"அந்த நாக்காலியில ஒக்காரப் போறானாம்."

"எந்த நாக்காலி?"

"இங்க எத்தனை நாக்காலி வந்து போயிருக்கு? பர்கத்துல்லா நாக்காலிதான்."

வேறு கடை இல்லாமல் இல்லை. ஆனால் பெரிய தெருக் கடைகளில் கூலிக்காரனைக் கண்டால் வாசலிலேயே என்ன வேணும் என்று கேட்டு நிறுத்திவிடுவார்கள். பர்கத்துல்லாவுக்கோ லைன் முழுக்கப் பழக்கம். என்ன, பெரும்பாலும் குளிப்பாட்டி முடித்த பிறகு ஏற்பட்ட பழக்கம்.

"அவன் அதுல ஒக்காந்தா நான் எஞ்சினுக்கு முன்னால படுத்துக்குவேன்" என்றாள் ஜெயம்மா.

"எந்த எஞ்சினுக்கு?" என்றார் அய்யாசாமி. "ஷெட்டுல நிக்கிறதெல்லாம் ரிப்பேரு."

"சிரிக்காதீங்க. ரெண்டு பேரை அதுல வெச்சுப் பாத்திருக்கேன். மூணாவதைப் பாக்க எனக்குக் கண்ணு இல்ல."

ரெங்கசாமி வாதாடவில்லை. பதிலுக்குச் சாப்பாட்டை நிறுத்தினான். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஜியாமெட்ரி புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டான். ஜெயம்மா கண்டுகொள்ளாத மாதிரி மீனைப் பொரித்தாள். அடுத்த வேளைக்கும் பொரித்தாள். அவன் அசையவில்லை. லைனில் பசி புதிதில்லை. ஆனால் சோறு இருக்கும்போது சாப்பிடாத ஒருவனைப் பார்த்து அவளுக்குப் பழக்கமில்லை. மறுநாள் சாயங்காலம் தட்டை அவன் புத்தகத்தின் மேலேயே கொண்டுவந்து வைத்தாள்.

"தின்னு. பட்டினி கெடந்து செத்தாலும் அதே நாக்காலிதான். நானும் கூட வருவேன். எனக்கு எந்த நிமிசம் சரியில்லைன்னு படுதோ, அந்த நிமிசம் எந்திரிச்சு வந்துடணும். சரியா?"

"சரி."

"மாலை கீலை போட்டா கடையைக் கொளுத்திடுவேன்."

அந்த வாரம் முழுக்க லைனில் வேறு பேச்சில்லை. உயிரோடு ஒருத்தன் போட்டோவுக்குப் போகிறான் என்று பிள்ளைகள் வந்து அவனை வேடிக்கை பார்த்துவிட்டுப் போயின. கோட்டு ஒரு ரயில் கார்டிடமிருந்து இரவலாக வந்தது. கறுப்புக் கோட்டு, ரயில்வே பித்தளைப் பொத்தான். தோள் இரண்டு பக்கமும் தொங்கியதால் உள்ளே பழந்துணி வைத்துத் தைத்தார்கள். காலரும் டையும் அதே கார்டு கொடுத்தவைதான். பூட்ஸை ஒரு பயர்மேன் கொடுத்தார். அதில் ரெங்கசாமியின் கால் போன பிறகும் இன்னொரு கால் போக இடம் இருந்தது. செய்தித்தாளைக் கசக்கித் திணித்தார்கள்.

"நெஞ்சுக்கு மேலதாம்ப்பா படத்துல விழும். பூட்ஸு எதுக்கு?" என்றான் ரெங்கசாமி.

"கீழ வெறுங்காலு இருந்தா மேல மூஞ்சியில தெரியும்டா" என்றார் அய்யாசாமி.

டை கட்ட ஒருவருக்கும் தெரியவில்லை. கொடுத்த கார்டு டியூட்டியில் மாந்தளைக்குப் போய்விட்டார். கடைசியில் அமீர் அலியைக் கூப்பிட்டார்கள். அவர் கிரேனில் சங்கிலி மாட்டுகிறவர். லைனில் எந்த முடிச்சானாலும் அவரிடம்தான் போகும். டையைக் கையில் வாங்கி, இழுத்து, அகலம் பார்த்து, முகர்ந்தும் பார்த்தார்.

"எவ்வளவு எடை தாங்கணும்?" என்றார்.

"எடை ஒண்ணும் இல்ல மாமா. கழுத்துல சும்மா தொங்கணும்."

"சும்மா தொங்குறதுக்கு ஒரு முடிச்சா?" அவர் ரெங்கசாமியின் கழுத்தைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி, உள்ளே விட்டு, வெளியே எடுத்து, ஒரு இழுப்பு இழுத்தார். "இது பாய்லர் தகடு தூக்குற முடிச்சு. இழுக்க இழுக்க இறுகுமே தவிர அவுழாது. தைரியமாப் போ."

பக்கத்து அறை அம்சவேணி பர்மாக்காரிகளிடம் கற்றபடி தனகாப் பட்டையை அரைத்துக் கொண்டுவந்து, வெளுப்பாக விழட்டும் என்று ரெங்கசாமியின் முகத்தில் அப்பினாள். தலையில் ஊற்றிய தேங்காய் எண்ணெய் தனகாவின் மேல் வழிந்து இறங்கியது. அப்படியே புறப்பட்டார்கள். ரெங்கசாமி, அய்யாசாமி, ஜெயம்மா, முடிச்சுக்குப் பொறுப்பாக அமீர் அலி. ரயிலில் ஜெயம்மா மகனின் கோட்டுக் கையைப் பிடித்த பிடியை விடவில்லை. எதிரே வெற்றிலை மென்றுகொண்டிருந்த பர்மாக் கிழவர் ஒருவர், கல்யாணமா என்று கேட்டார். இல்லை, போட்டோ என்றான் ரெங்கசாமி. கிழவர் ஜெயம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பபேடானில் கயிறும் சாம்பிராணியும் விற்கிற கடைக்கு மேல் மாடியில் பர்கத்துல்லாவின் ஸ்டுடியோ. கூரையில் ஒரு பக்கம் கண்ணாடி. படியில் கும்பலாக ஏறி வருகிறவர்களைப் பார்த்ததும் அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, முகத்தைத் தொங்கப்போட்டு எழுந்து நின்றார்.

"எப்ப நடந்துச்சு?" என்றார் மெல்லிய குரலில்.

"காலையில குளிச்சான். ஒடனே பொறப்பட்டோம்" என்றார் அய்யாசாமி.

"ஒடம்பு எங்க இருக்கு?"

அமீர் அலி ரெங்கசாமியை முன்னால் தள்ளினார்.

"நான்தான்" என்றான் ரெங்கசாமி.

பர்கத்துல்லா அவனை மேலும் கீழும் பார்த்தார். வெள்ளைப் பூச்சு, எண்ணெய், இறுகிய கழுத்து. அவர் குழம்பியதில் தப்பில்லை.

"நின்னுக்கிட்டிருக்கானே" என்றார்.

"பள்ளிக்கூடத்துக்குப் படம் வேணும் பாய். உசுரோடதான்" என்றார் அமீர் அலி.

"அப்படியா. மன்னிச்சுக்க தாயி. லைன் ஆளுங்க வேற எதுக்கும் வந்ததில்லையா, வாயி தானா வந்துருச்சு." சொல்லிக்கொண்டே ஈரத்துணியை எடுத்து ரெங்கசாமியின் முகத்தைத் துடைத்தார். "இதைப் பூசிக்கிட்டு எடுத்தா சுவத்துக்குச் சுண்ணாம்படிச்ச மாதிரி விழும்."

துடைத்து முடித்த அவர் கை, தன் பாட்டுக்குக் கொடியில் கிடந்த நீளத் துணியை இழுத்தது. அக்குளுக்குக் கீழே கொடுத்துக் கட்டுகிற துணி. ஜெயம்மா அதைப் பார்த்தாள். அது எங்கே கட்டுவது என்று அவளுக்குத் தெரியும். பர்கத்துல்லா சட்டென்று துணியைப் பின்னால் எறிந்தார்.

"பழக்கதோசம் தாயி."

பிறகு நாற்காலியை நகர்த்திக்கொண்டுவந்து திரைக்கு முன்னால் போட்டார். திரையில் தூணும் ஏரியும் மாடிப்படியும் எழுதியிருந்தது. படி ஏரிக்குள்ளிருந்து ஏறி எங்கும் போகாமல் நின்றது. நாற்காலியின் கைப்பிடியில் இரண்டு சிங்கமும் வாயைப் பிளந்தபடி இருந்தன.

ரெங்கசாமி ஒரு காலை எடுத்து வைத்தான். அதற்குள் ஜெயம்மா அவனைத் தள்ளிவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தாயி, ஒன்னைய இல்ல. பையனை."

"எடு."

"எதை?"

"என்னைய எடு. அந்த நாக்காலிக்கு எங்க வீட்டுலேருந்து இன்னும் ஒரு ஆளு வேணும்னா, இந்தா நான் இருக்கேன். கணக்கு முடியட்டும். அப்புறம் அவன் ஒக்காரட்டும்."

அமீர் அலி தரையைப் பார்த்தார். அய்யாசாமி என்னவோ சொன்னார். முதல்முறையாக மெதுவாகச் சொன்னதால் யாருக்கும் கேட்கவில்லை. பர்கத்துல்லா ஒன்றும் வாதாடாமல் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். வெளியே வந்தார். காமிரா மூடியைக் கழற்றினார், கொஞ்சம் பொறுத்து மாட்டினார்.

"ஆச்சு."

ஜெயம்மா எழுந்திருக்கவில்லை. சிங்கத் தலைகள் மேல் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். கீழே தெருவில் ஒருத்தி மொஹிங்கா விற்றுக்கொண்டு போனாள். ரிக்‌ஷாக்காரன் யாரையோ திட்டினான். மொஹிங்காவின் மீன் குழம்பு வாசனை மாடி வரைக்கும் ஏறியது.

"ஒண்ணும் ஆகலியே" என்றாள்.

"ஆகாது தாயி."

இன்னும் கொஞ்ச நேரம் இருந்தாள். "பசிக்குது" என்றாள் கடைசியில்.

"அப்ப நீ போகலைக்கா. போனவங்களுக்குப் பசிக்காது" என்றார் அமீர் அலி.

அவள் எழுந்து முந்தானையால் நாற்காலியைத் துடைத்தாள். "ம். ஒக்காரு. ஆனா நான் கேக்கக் கேக்க நீ பதில் சொல்லிக்கிட்டே இருக்கணும்."

"வாயை அசைச்சா மூஞ்சி கலைஞ்சு போகும் தாயி" என்றார் பர்கத்துல்லா.

"பதில் வரலைன்னா நான் இழுத்துக்கிட்டுப் போயிடுவேன்."

கொஞ்சம் தர்க்கத்துக்குப் பிறகு, பதிலைக் காலால் சொல்வது என்று முடிவானது. படத்தில் கால் விழாது. ரெங்கசாமி உட்கார்ந்தான். இருக்கை சூடாக இருந்தது. பர்கத்துல்லா அவன் தாடையைத் தூக்கி, தோளைத் திருப்பி, டையைச் சீராக்கக் கொஞ்சம் இழுத்தார். அதை இழுத்திருக்கக் கூடாது. பாய்லர் தகட்டு முடிச்சு தன் வேலையைக் காட்டியது.

"ரெங்கு, இருக்கியா?"

டப் என்று பூட்ஸ் தரையில் மோதியது.

"ஆடாத" என்றார் பர்கத்துல்லா, துணிக்குள்ளிருந்து.

"இருக்கியா?"

டப்.

மூடியைக் கழற்றினார். கண்ணாடிக் கூரை வழியாக வெயில் நேரே இறங்கியது. ஜெயம்மாவின் பார்வை பூட்ஸில் இருந்தது. அமீர் அலி தன் முடிச்சைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அய்யாசாமி ஏரிக்குள் இறங்குகிற மாடிப்படியைக் கட்டிய கொத்தன் யார் என்று யோசித்துக்கொண்டிருந்தார். ரெங்கசாமியின் மூஞ்சியை யாரும் பார்க்கவில்லை. மூச்சு முட்டி, கழுத்து நரம்பு புடைத்து, அவன் இறுக்கமாகக் கண்ணை மூடியிருந்தான்.

"இருக்கியா?"

டப் டப் டப் டப்.

"ஆச்சு" என்று மூடியை மாட்டினார் பர்கத்துல்லா. முடிச்சை அமீர் அலி பல்லால் கடித்து அவிழ்க்க வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் ரெங்கசாமி படத்தை வாங்கப் போனான். பர்கத்துல்லா உறையைக் கொடுத்துவிட்டு, வேலை நல்லபடி முடிந்த ஆளின் சிரிப்போடு சொன்னார்: "கண்ணை மூடிட்டே தம்பி. பரவால்ல, எனக்கு அது ஒரு வேலையே இல்ல. போட்டுட்டேன்."

படியிறங்கும்போது உறையைப் பிரித்தான். கோட்டு நன்றாக விழுந்திருந்தது. பித்தளைப் பொத்தான்கூட மின்னியது. மூக்கும் வாயும் அவனுடையவை. மூக்குக்கு மேலே அகலமான இரண்டு கண்கள் வெல்லப்பானையைத் தேடிக்கொண்டிருந்தன.

அவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். மறுபடி எடுக்க நேரமில்லை. நாளைக்குச் சட்டம் ஒட்டுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் யாருக்கும் இந்தக் கண்ணைத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். அவளுக்குக் காட்டாமல் காலையில் நேரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று, உறையை ஜியாமெட்ரி புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு ரயிலேறினான்.

லைன் முனையில் திரும்பும்போதே, குழாயடியில் குளித்துக்கொண்டிருந்த அய்யாசாமி பார்த்துவிட்டார்.

"படம் வந்துருச்சாடா?" என்றார். இன்சீன் முழுக்கக் கேட்டது.

ஜெயம்மா வாசலுக்கு வந்து கையை நீட்டினாள். பின்னாலேயே அம்சவேணி, அமீர் அலி, கையில் சோற்றோடு பிள்ளைகள். ரெங்கசாமி, படம் இன்னும் ஈரமாக இருக்கிறது, பிரிக்கக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தான். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கொடுத்தான்.

அம்சவேணிதான் முதலில் எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கண் ஏறக்குறைய எல்லார் வீட்டிலும் ஒன்று இருந்தது.

ஜெயம்மா படத்தை வெளிச்சத்துக்குக் காட்டினாள். முகம் மாறவில்லை. பக்கத்தில் கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள்.

"என் பெரியவன் மாறுகண்ணு" என்றாள், யாரையும் பார்க்காமல். "ஒரு கண்ணு என்னையப் பாத்தா ஒரு கண்ணு அடுப்பைப் பாக்கும். எந்தக் கண்ணு பொய் சொல்லுதுன்னு எனக்குத்தான் தெரியும். படத்துல அந்தாளு ரெண்டையும் நேராக்கிட்டான். இத்தனை வருசமா எடுத்து எடுத்துப் பாக்குறேன், அது யாருன்னே தெரியல."

"அம்மா, நாளைக்குக் குடுக்கணும்மா. வேற படம் இல்ல."

அவள் நாக்கில் விரலைத் தொட்டு எச்சில் எடுத்தாள். சின்ன வயதில் அவன் கன்னத்தில் ஒட்டிய சோற்றுப்பருக்கையை எடுக்கிற மாதிரி, படத்தில் இடது கண்ணின் மேல் வைத்துத் தேய்த்தாள். மை இளகி விரலில் வந்தது.

"அம்மா."

"சும்மா இரு."

முந்தானை நுனியால் ஒற்றினாள். மறுபடி எச்சில், மறுபடி ஒற்று. பிறகு வலது கண். மைக்குக் கீழேயிருந்து மூடிய இரண்டு இமைகள் வந்தன. புருவம் சுருங்கி, இமை இறுகி, பல்வலிக்காரன் மாதிரி ஒரு மூஞ்சி. அழகு என்று பொய்கூடச் சொல்ல முடியாது.

"இது நம்ம ஆளு" என்றாள் ஜெயம்மா.

அய்யாசாமி ஈரத்தோடு வந்து தோளுக்கு மேலாகப் பார்த்தார். "கண்ணை மூடிட்டானா? மூடட்டும். பழுக்கக் காய்ச்சின இரும்பை அடிக்கையில நானும் மூடத்தான் செய்யுறேன்."

"என் முடிச்சு நல்லா விழுந்திருக்கு" என்றார் அமீர் அலி.

"இதையா கொண்டு போறது?" ரெங்கசாமிக்கு அழுகை வந்துவிட்டது. "எல்லாவனும் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். கண்ணை மூடுனவன் முழிப்பான். அந்தக் கண்ணைப் போட்டுக்கிட்டவன் ஒருத்தனும் முழிச்சு நான் பாக்கல. இதைச் சுவத்துல மாட்டட்டும், எனக்கு ஒண்ணும் இல்ல. அதை மாட்டுனா நான் வந்து சுவத்தை இடிப்பேன்." படத்தை உறையில் போட்டு அவனிடம் கொடுத்தாள். விரலில் ஒட்டிய மையை வாசல் மண்ணில் தேய்த்தாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் படங்களை ஒட்டிக்கொண்டிருந்தவர் பர்மாக்காரரான டிராயிங் வாத்தியார். பையன்கள் சயா என்று கூப்பிடுவார்கள். அவர் ரெங்கசாமியின் படத்தை மேசையில் வைத்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார்.

"தூங்கிவிட்டாயா?"

"இல்லை சயா. டை இறுக்கிவிட்டது."

"நல்ல மூஞ்சிதான். கண்தான் இல்லை." பேனாவை எடுத்து இந்திய மையில் தோய்த்தார். "கவலைப்படாதே. இரண்டு நிமிஷ வேலை. நான் போட்டுவிடுகிறேன்."

பேனா முள் இமைக்கு மேல் வந்துவிட்டது. ரெங்கசாமி நினைத்ததெல்லாம் அந்தச் சுவர்தான். திறந்த கண்ணோடு வரிசையில் நிற்கலாம், எவனும் சிரிக்க மாட்டான், அம்மா மண்டபத்துக்கு வரும் நாளுக்குள் ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம். ஆனாலும் அவன் கை நீண்டு படத்தின் மேல் போய் விழுந்தது. மை சொட்டி அவன் விரலில் விழுந்தது.

"வேண்டாம் சயா."

"ஏன்?"

"போட்டால் எங்கள் அம்மா வந்து எச்சில் தொட்டு அழித்துவிடுவாள்."

சயா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தார். அது வேடிக்கைப் பேச்சா என்று கொஞ்சம் தேடினார். இல்லை என்று தெரிந்ததும் படத்தோடு ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனார். ரெங்கசாமி கதவோரத்தில் நின்றான்.

ஹெட்மாஸ்டரின் குரல் கேட்டது: "சட்டத்தில் ஒரு பையன் தூங்கினால் பார்க்கிறவர்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றி என்ன நினைப்பார்கள்?"

"ஒருவன்தான் தூங்குகிறான் என்றால் நம்ப மாட்டார்கள் ஐயா" என்றார் சயா.

உள்ளே நாற்காலி நகர்ந்த சத்தம். "கடைசி வரிசை. மூலை" என்றார் ஹெட்மாஸ்டர்.

பரிசளிப்பு நாளில் மண்டபத்தைப் பெற்றோருக்குத் திறந்துவிட்டார்கள். சீமைச் சென்ட் வாசனைக்கும் பட்டுக்கும் நடுவே அய்யாசாமியும் ஜெயம்மாவும் சுவரோரமாக நகர்ந்து வந்து, புதுச் சட்டத்துக்குக் கீழே நின்றார்கள். வக்கீல் பிள்ளைகளும் வியாபாரி பிள்ளைகளும் கண்ணை உருட்டி முறைத்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் ஒருத்தன் மட்டும் எவனையும் சட்டை செய்யாமல் இருந்தான். முன்னால் நின்ற இரண்டு பையன்கள் அதைக் காட்டிச் சிரித்தார்கள். ரெங்கசாமி தூணுக்குப் பின்னால் போய்விட்டான்.

மண்டபத்துப் பியூன் ஒரு தமிழர். ஜெயம்மா நெடுநேரம் நகராமல் நிற்பதைப் பார்த்துப் பக்கத்தில் வந்தார்.

"ஒங்க புள்ளை எதும்மா?"

அவள் காட்டினாள்.

"அதுவா? தூங்குறாப்பல இருக்கே."

"ஆமா. இன்சீன்லேருந்து இங்க ரயில்ல வந்து போயி படிச்சவன். அலுப்பு இருக்காதா?"

"என்னடி சொல்றான் அவன்?" என்றார் அய்யாசாமி. பட்டு உடுத்தியவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"ஒண்ணும் இல்ல. மெதுவாப் பேசுங்க" என்றாள் ஜெயம்மா. தூணுக்குப் பின்னால் போய்ப் பையனின் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்து, சட்டத்துக்குக் கீழே, எல்லாரும் பார்க்கும்படி நிறுத்தினாள்.